கரட்டின் மேல் ஒரு நாற்காலி

இந்தக் கதையை நான் எட்டு வருஷமாக நம்பவில்லை.

சொன்னவர் பொய் பேசுகிறவர் அல்ல. அர்த்தநாரி அண்ணன் நில அளவையர். என் வீட்டு மனையை அளக்க வந்தபோது, வேலியை அரையடி அந்தப் பக்கம் தள்ளிக் காட்ட முடியுமா என்று ஜாடையாகக் கேட்டேன். அளவுச் சங்கிலியைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார். நான் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் மறுபடி விரித்தார்.

அன்று அவர் நொண்டி நடந்தார். முழங்காலில் என்ன என்று கேட்டேன். அப்படித்தான் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது.

அதன் பிறகு வருஷத்துக்கு ஒரு தடவையாவது அவரைச் சொல்ல வைத்துவிடுவேன். எங்கேயாவது ஒரு நடை கூடும், ஒரு வளைவு குறையும் என்று காத்திருந்தேன். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

*

"மலை சரியில்லீங்க அம்மணி" என்றார் அர்த்தநாரி.

துளசிமணி மாவு மில்லை நிறுத்தவில்லை.

"என்னங்ண்ணா?"

"மலை! மலை சரியில்லை!"

"எந்த மலை?"

"ரெண்டுமே!"

துளசிமணி மில்லை நிறுத்தினார். புருவமெல்லாம் கம்பு மாவு. வயது முப்பத்தாறு. பவானிக்குப் பக்கத்தில் மில். சைக்கிள்காரர்கள் அவரைத் தேடி வருவதற்குக் காரணம் வேறு.

ஒரே மலைச்சாலையில் சைக்கிளில் ஏற வேண்டும். இறங்க வேண்டும். மறுபடி ஏற வேண்டும். இடையில் தூங்கக் கூடாது. ஏறிய உயரத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் எவரெஸ்ட் வர வேண்டும். எட்டாயிரத்து எண்ணூற்று நாற்பத்தெட்டு மீட்டர். ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒரு நடை. எந்த மலை என்பது அவரவர் விருப்பம்.

துளசிமணி அதை மூன்று முறை முடித்தவர். மலை தேடுகிற எவரும் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். பல சமயம் பதில் கிடைக்காது. மிளகாய் அரைக்கிற நாளாக இருந்தால் கேட்டவரே தும்மிக்கொண்டு ஓடிவிடுவார்.

அர்த்தநாரி ஒரு நோட்டை நீட்டினார்.

பதினொரு மலைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். சரிவு, நீளம், வளைவு, நிழல், காற்று, தார் எப்படி, குரங்கு உண்டா. எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டுச் சிவப்பு மையில் எழுதியிருந்தார்.

"குரங்குக்குக் கூடவா கட்டம்?"

"வாழைப்பழம் வச்சிருப்பமில்லீங்க."

துளசிமணி பக்கங்களைப் புரட்டினார். நோட்டில் மாவு விரல்கள் பதிந்தன.

"இது மூணாவது தடவைங்க" என்றார் அர்த்தநாரி. "கடைசித் தடவை. தை முடிஞ்சதும் முழங்கால் ஆபரேஷன். அதுக்கப்புறம் நடக்கலாம், கடைக்குப் போய் வரலாம், இந்த ஆட்டமெல்லாம் கூடவே கூடாதுன்னுட்டார் டாக்டர். எனக்கு ஒரு மலை வேணும். தப்பாத மலை. நீங்கதான் சொல்லோணும்."

"மொதல்ல எங்க ஏறுனீங்க?"

"கொல்லிமலை. ஒம்பது நடை ஏறோணும். ஆறோட நின்னுட்டேன். எழுபது வளைவுங்க. ராட்டினத்துல சுத்துன மாதிரி ஆயிருச்சு."

"அடுத்தது?"

"ஏற்காடு. எட்டு நடை. அஞ்சோட நின்னுட்டேன். பஸ்ஸு, காரு, ஹாரனு. காதே போச்சு."

"எங்க நின்னீங்க?"

"அதான் சொன்னனே, அஞ்சாவது…"

"எத்தனாவதுன்னு கேக்கலீங்ண்ணா. எந்த எடத்துல?"

அர்த்தநாரி யோசித்தார். ஊரில் யாரும் அவரிடம் இதைக் கேட்டதில்லை.

"அடிவாரத்துல."

"கொல்லிமலையில?"

"அதுவும் அடிவாரந்தான். காரு அங்கதானுங்களே நிக்கும். சோறு அங்க. தண்ணி அங்க. நாற்காலி அங்க."

"என்ன நாற்காலி?"

"கை வச்ச பிளாஸ்டிக் நாற்காலிங்க. செவப்பு. உக்காந்தா இடுப்புக்கு எதமா இருக்கும்."

துளசிமணி சிரித்தார். புருவத்திலிருந்து மாவு உதிர்ந்தது.

"அந்த நாற்காலியக் கொண்டு வாங்க."

"மலை?"

மில் ஓடத் தொடங்கிவிட்டது.

*

வியாழக்கிழமை அர்த்தநாரி வந்தார். காரின் பின்சீட்டில் நாற்காலி உட்கார்ந்து வந்தது.

மில்லுக்குப் பின்னால் ஒரு கரடு. நாலு ஆடு மேய்கிற மொட்டைப் பாறைக்குன்று. உச்சியில் செல்போன் டவர். டவருக்காகப் போட்ட தார் ரோடு, இரண்டு கிலோமீட்டர். உயரம் நூற்றைம்பது மீட்டர். அர்த்தநாரிக்கு அளக்கச் சொல்லித் தர வேண்டுமா? கருவி வைத்துப் பார்த்தே சொன்னார்.

"அம்பத்தொம்பது நடை" என்றார். முகம் சுருங்கியது. "இது மலையே இல்லீங்க அம்மணி. கரடு. இதுல ஏறி எவரெஸ்ட்டுன்னு சொன்னா ஆபீசே சிரிக்கும்."

"உங்க நோட்டுல சிரிப்புக்குக் கட்டம் இருக்குதுங்களா?"

"இல்லை."

"அப்ப விடுங்க. நாற்காலிய எங்க போடலாம்னு பாருங்க."

அர்த்தநாரி அடிவாரத்தில் ஒரு வேப்பமரம் பார்த்தார். நல்ல நிழல். பக்கத்தில் குழாய். எட்டிப் பார்க்கிற தூரத்தில் டீக்கடை. நாற்காலியைப் போட்டு, ஆடாமல் ஒரு கல்லும் முட்டுக் கொடுத்து, உட்கார்ந்து பார்த்தார்.

"அருமைங்க."

"எந்திரிங்க."

துளசிமணி நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தார். இரண்டு கிலோமீட்டரும். அர்த்தநாரி பின்னாலேயே போனார். உச்சியில், டவர் கம்பிவேலி ஓரம், நிழலே இல்லாத பாறையில் துளசிமணி அதை வைத்தார்.

"சோறு இங்க. தண்ணி இங்க. மாத்துச் சட்டை, தைலம், வாழைப்பழம், எல்லாம் இங்க. உங்க காரும் இங்க."

"கீழ?"

"கீழ ஒரு வேப்பமரம். அதச் சுத்தித் திரும்பி வாங்க. கால் ஊன வேண்டாம்."

"எங்கிருந்து ஆரம்பிக்கறது?"

"இங்கிருந்துதான். மொதல்ல எறங்குங்க."

அர்த்தநாரி கீழே பார்த்தார். பக்கத்தில் நாற்காலியைப் பார்த்தார். மறுபடி கீழே பார்த்தார். பிறகு தொடையில் அறைந்துகொண்டார்.

"அம்மணி! கீழ போய் நின்னுட்டாலும் ஊட்டுக்குப் போறதுக்கு மேலதான வரோணும்!"

"ஆமாங்."

"சோத்துக்கும் மேலதான வரோணும்!"

"ஆமாங்."

"இது தெரியாம ரெண்டு வருசம் அடிவாரத்துல குடித்தனம் பண்ணியிருக்கறேன்!"

நோட்டை எடுத்தார். பதினொரு மலைகளையும் அங்கேயே நின்று அடித்தார்.

*

மார்கழி, சனிக்கிழமை, மாலை நாலு மணி. முதல் இறக்கம்.

பறந்தது என்கிறார் அண்ணன். இதைச் சொல்லும்போதெல்லாம் கைகள் தாமாக ஹேண்டிலைப் பிடிக்கும். கீழே வேப்பமரம், ஒரு திருப்பு, மேலே நாற்காலி. கீழே போனதும் பசிக்கும், மேலே வந்தால் சோறு. கீழே போனதும் நடுங்கும், மேலே வந்தால் சட்டை. பத்து. இருபது. இருட்டில் டவரின் சிவப்பு விளக்கு ஒன்றே அடையாளம். முப்பத்தொன்றில், வேப்பமரத்தடியில், போதும் என்று தோன்றிவிட்டது. சரி, மேலே போய் நிறுத்தலாம் என்று ஏறினார். மேலே துளசிமணி சுடச்சுடக் கம்பங்கூழ் ஊற்றிக் கொடுத்தார். குடித்து முடித்தபோது என்ன நினைத்து ஏறி வந்தோம் என்பதே மறந்துவிட்டது.

நாற்பது. விடிந்தது.

நாற்பத்துமூன்றாவது ஏற்றம் முடிந்து, காலை ஏழரைக்கு, அர்த்தநாரி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அஞ்சு நிமிசம்."

வெயில் இதமாக முதுகில் விழுந்தது. கீழே வாய்க்கால் வெள்ளைக் கோடாக ஓடியது. பனி கலைந்து வயல்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

பத்து நிமிஷம் போயிற்று. இருபது.

"என்ன அழகுங்க இந்த எடம்" என்றார்.

துளசிமணி கூழ் கொண்டுவந்த தூக்குப்போசியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஆறாயிரத்து நானூத்தம்பது மீட்டர். சாதாரணமாங்க? இந்த முட்டிய வச்சுக்கிட்டு?"

"சாதாரணமில்லை."

"கொல்லிமலையில நின்னப்ப அழுதனுங்க. இப்பப் பாருங்க, மனசு நெறஞ்சு கெடக்குது. மேல வந்து நின்னா, தோத்த மாதிரியே தெரியமாட்டேங்குது."

துளசிமணி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"எந்திரிங்ண்ணா."

ஏதோ தருவதற்காக இருக்கும் என்று அர்த்தநாரி எழுந்தார்.

துளசிமணி நாற்காலியைத் தூக்கினார். தன் டிவிஎஸ் வண்டியின் பின்னால் கவிழ்த்து வைத்தார். பழைய டியூபால் இறுக்கிக் கட்டினார். கூழ்ப் போசியை முன்னால் மாட்டினார். வண்டியைக் கிளப்பினார்.

போயே போய்விட்டார்.

"அம்மணி!"

நாலு கால்களும் வானத்தைப் பார்க்க, முதல் வளைவில் நாற்காலி மறைந்தது.

"அம்மணீ! நாற்காலி!"

அர்த்தநாரி சைக்கிளில் தாவி ஏறினார். கால் வலி இருந்ததா? இருந்திருக்கும். அதை விசாரிக்க நேரமில்லை. வளைவுக்கு வளைவு சாய்ந்து இறங்கினார். கீழே வேப்பமரத்தடியில் துளசிமணி நின்றுகொண்டிருந்தார். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. கட்டு அவிழவில்லை. அர்த்தநாரி கையை நீட்டினார். ஒரு முழம். அவ்வளவுதான் பாக்கி.

டிவிஎஸ் மரத்தைச் சுற்றி மேலே திரும்பியது.

"அட, இதென்னுங்க அநியாயம்!"

அவரும் திரும்பினார்.

இருபதடி முன்னால் நாற்காலி. இருபதடி பின்னால் அர்த்தநாரி. அவர் வேகம் கூட்டினால் டிவிஎஸ் முனகிக்கொண்டு வேகம் கூட்டும். அவர் மூச்சு வாங்கினால் அதுவும் மெதுவாகப் போகும். உச்சியில் டவரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி இறங்கியது. இவரும் இறங்கினார்.

நாற்பத்துநாலு. நாற்பத்தைந்து.

முதலில் கெஞ்சினார்.

"ஒரே ஒரு நிமிசம் உக்காந்துக்கறனுங்க."

பிறகு உரிமை பேசினார்.

"நாற்காலி என்னோட காசு போட்டு வாங்குனது!"

பிறகு திட்டினார். என்ன திட்டினார் என்பதை அண்ணன் என்னிடம் ஒருபோதும் சொன்னதில்லை.

நாற்பத்தெட்டாவதில், பால் ஊற்றிவிட்டுத் திரும்பிய ஒருவர் சைக்கிளை ஓரம் கட்டிவிட்டுப் பார்த்தார்.

"ஏனக்கா, கரட்டு மேல கண்ணாலமா? நாற்காலியெல்லாம் போகுது?"

"ஆமாங்" என்றார் துளசிமணி.

"பந்தி எப்ப?"

"பின்னாடி வர்றவரு எட்டிப் புடிச்சாத்தான் பந்தி!"

"அப்ப நான் ஊட்டுலயே சாப்பிட்டுக்கறேன்!"

அர்த்தநாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஏற முடியாது. ஏறினார். வயிறு குலுங்க, சைக்கிள் வளைய, ரோட்டின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் போய் வந்து ஏறினார். துளசிமணியும் சிரித்ததில் டிவிஎஸ்ஸும் வளைந்தது. நாற்காலியின் கால்கள் ஆடின.

ஐம்பது. போனில் சார்ஜ் தீர்ந்து, உயரத்தைக் குறிக்கிற கணக்கு நின்றது. துளசிமணி வாயால் எண்ணினார்.

ஐம்பத்தொன்று. கூப்பிடுவது நின்றது. திட்டுவதும் நின்றது. எங்கே மிதிக்க வேண்டும், எங்கே விட வேண்டும், எந்த இடத்தில் தார் பெயர்ந்திருக்கிறது என்று கால்களுக்கே தெரிந்திருந்தது. அடிவாரம் வந்தது, போயிற்று. உச்சி வந்தது, போயிற்று. வெயில் ஏறியிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

ஐம்பத்தைந்தாவது ஏற்றம். முன்னால் டிவிஎஸ் இல்லை.

பாதி வழியில், பெரிய பாறை ஒதுங்கி நிற்கிற வளைவில், வண்டி சாய்த்து நிறுத்தியிருந்தது. பாறையின் நிழலில் நாற்காலி. நிமிர்த்தி, தூசி தட்டி, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றது. பக்கத்தில் தண்ணீர். போசியில் கூழ்.

துளசிமணி எழுந்து நின்றார்.

"இந்தாங்ண்ணா. நாற்காலி. உக்காருங்க."

அர்த்தநாரி மேலே வந்தார். வந்துகொண்டே சொன்னார்.

"கொஞ்சம் தள்ளிப் போடுங்க அம்மணி. வளைவுல இடிக்குது."

துளசிமணி தள்ளிப் போட்டார்.

அவர் போன பிறகு, தானே அதில் உட்கார்ந்துகொண்டார்.

*

அண்ணன் கதையை இங்கேதான் முடிப்பார். ஒவ்வொரு தடவையும்.

"அம்பத்தொம்பதும் முடிச்சீங்களா?"

"முடிச்சேன். ஒரு மணி இருக்கும்."

"அத்தாட்சி?"

"போன் செத்துப்போச்சே."

முடித்தவர்களின் பட்டியல் ஒன்று உண்டு. தேடினேன். அவர் பெயர் இல்லை. கொடுக்கவும் இல்லையாம். ஏன் என்று கேட்டால், ஆபரேஷன் வேலை வந்துவிட்டது என்பார்.

கரட்டைப் போய்ப் பார்த்தேன். ரோடு இருந்தது. வேப்பமரம் இருந்தது. பாறை வளைவும் இருந்தது. மில் வாசலில் ஐந்து நிமிஷம் நின்றேன். உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. கேட்காமல் திரும்பி வந்தேன். துளசிமணி ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

நண்பர்களிடம் இதை வேடிக்கைக் கதையாகச் சொல்லியிருக்கிறேன். நாற்காலிக்காகக் கெஞ்சிய ஆள், பன்னிரண்டு நடையில், நாற்காலியைத் தள்ளிப் போடச் சொல்வாரா? அவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வீட்டுக்கு வந்த பிறகு வெகுநேரம் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காமல் இருக்கும்.

யாரிடமும் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நானும் ஒருமுறை ஏறியவன். ஏலகிரியில். பதின்மூன்று நடை ஏற வேண்டும். எட்டில் நிறுத்தினேன். காரின் கதவைத் திறந்துவைத்து, கால்களை வெளியே தொங்கவிட்டு, அடிவாரத்தில் உட்கார்ந்திருந்தேன். மலை சரியில்லை என்று சொல்லிக்கொண்டேன். இத்தனை வருஷமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணன் கதை பொய்யாக இருந்தால் எனக்கு வசதி.

எனக்கு இப்போது ஐம்பத்தாறு.

போன ஞாயிறு அவர் வீட்டுக்குப் போனேன். ஓய்வு பெற்றுவிட்டார். புது முழங்காலோடு படியிறங்கி வந்து கேட்டைத் திறந்தார். டீ வந்தது. இந்தத் தடவை முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்துதான் போயிருந்தேன். நடந்ததா, இல்லையா? நடந்தது என்று அந்தச் சங்கிலி மேல் கைவைத்துச் சொல்வீர்களா?

அவர் டீயை ஊதிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"என்னமோ கேக்கோணும்னு வந்த மாதிரி இருக்குதுங்களே?"

டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அண்ணா, என்கிட்டயும் ஒரு நாற்காலி இருக்குது. உங்களுக்கு டிவிஎஸ் ஓட்டத் தெரியுங்களா?"